வசனம் தெரியும், வேதம் தெரியாது

கேள்வி: எங்கள் போதகர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். பொறுப்பேற்கப்போகும் வாலிபர்கள் நன்றாகப் பாடுவார்கள், உருக்கமாக ஜெபிப்பார்கள். ஆனால் வேதத்தை முழுதாக வாசித்தவர் ஒருவரும் இல்லை. என்ன செய்வது?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்கள் கவலை நியாயமானது. வாக்குத்தத்த அட்டையிலும் கைப்பேசியிலும் தனித்தனி வசனமாகவே வேதத்தைச் சந்தித்த தலைமுறை இது. தேவன் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் எரேமியா 29:11 பலருக்கும் மனப்பாடம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் என்பதும், முந்தைய வசனமே எழுபது வருஷக் காத்திருப்பைச் சொல்கிறது என்பதும் தெரியாது. பிரசங்கம் தடம் மாறுவது இங்கேதான்.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள், வாரம் இரண்டு வீதம் எட்டு வாரம். கூடி உட்கார்ந்து சத்தமாக வாசிக்கட்டும். யார் யாரிடம் பேசுகிறார், ஏன், முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள். விளக்கவுரையைப் பிறகு திறக்கலாம்.

முழு வேதத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, நான்கு வாசித்தால் ஓராண்டு. பலர் பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள். கூடவே புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்தையும் வாசித்தால் பலிகளும் ஆசாரியத்துவமும் எதற்கென்று புரியும், வாசிப்பு தொடரும்.

பிரசங்க பீடத்தைக் கடைசி ஞாயிறு வரை தாமே வைத்துக்கொள்ள வேண்டாம் என்று போதகர் ஐயாவிடம் அன்பாகச் சொல்லுங்கள். வாலிபர்கள் பேசிப் பழக முதலில் ஓய்வுநாள் பள்ளி, அடுத்து வீட்டு ஜெபக்கூட்டம், அதன்பின் ஆராதனை. பிரசங்கக் குறிப்பை ஒரு வாரம் முன்பே அவர் பார்த்துத் திருத்தட்டும்.