காசிக்குப் போகட்டும், நகை வீட்டிலேயே இருக்கட்டும்

கேள்வி: நான் திருகோணமலையில் ஆசிரியை, வயது 52. கணவர் தனியார் ஆலையில் வேலை. மகள் கம்பஸில் இந்து நாகரிகம் படித்து முடித்தவள். இந்து, பௌத்த மரபுகளை அவை வாழும் இடங்களிலேயே இருந்து படிக்க வேண்டும் என்று நிற்கிறாள். ஏஜென்ட் ஒருவர் காசி, சாரநாத், காத்மாண்டு என்று 10 மாதப் படிப்புக்கு 9,000 டொலர் சொல்கிறார். மாத முடிவுக்குள் 3 இலட்சம் முற்பணம் கேட்கிறார். எங்களிடம் 18 இலட்சம் நிலையான வைப்பும் 12 பவுண் நகையும் இருக்கின்றன. நகையை அடகு வைக்கலாமா? கணவரின் சேமலாப நிதியில் எடுக்கலாமா?

பதில்: அக்கா, முதலில் முற்பணத்தை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

காசியிலும் சாரநாத்திலும் செலவு இந்திய ரூபாயில். நேபாள ரூபாயும் 1993 முதல் ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 என்று கட்டப்பட்டே இருக்கிறது. அப்படியிருக்க இவர் ஏன் டொலரில் விலை சொல்கிறார்? 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தாண்டியதை நாம் பார்த்தவர்கள். அந்தச் சுமை உங்கள் தலையில் விழட்டும் என்பதுதான் இதன் பொருள். அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? பிள்ளை போவது மாணவர் விசாவிலா, சுற்றுலா விசாவிலா? பதில் சுற்றி வளைத்து வந்தால் அது படிப்பல்ல, விலை கூடிய யாத்திரை.

சேமலாப நிதி பற்றிச் சுருக்கமாக: கணவர் 55 வயதுக்கு முன் அதிலிருந்து 30 சதவீதம் வரை எடுக்க இடம் உண்டு, ஆனால் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான். பிள்ளையின் படிப்புக்கு இல்லை.

நகைக்கு வருவோம். டாக்டர், எஞ்சினியர் படிப்புக்குக் கடன் வாங்குகிறவர்கள் பின்னால் வரும் சம்பளத்தை நம்பி வாங்குகிறார்கள். மகள் விரும்பும் துறையில் வேலை இல்லை என்று சொல்ல மாட்டேன். விரிவுரையாளர், ஆசிரியர், ஆய்வாளர் என்று போகலாம். ஆனால் அந்த வேலை எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அடகுக் கடை வட்டிக்கோ தேதி தெரியும். கட்டத் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். இந்தப் படிப்புக்குக் கடன் வேண்டாம், ஒரு சதம்கூட வேண்டாம்.

அப்படியென்றால் போகக் கூடாதா? போகட்டும், வேறு வழியில். இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்குப் புலமைப்பரிசில்கள் தருகிறது; முதுகலைக்கு மௌலானா ஆசாத் பெயரில் ஒன்று உண்டு. கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயம் விண்ணப்பம் கோரும். கிடைத்தால் கல்விக் கட்டணமும் மாதப் படியும் அவர்கள் பொறுப்பு. 1916இல் தொடங்கிய பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பாலி, பௌத்த ஆய்வுக்கென்றே துறை இருக்கிறது. இந்து ஆய்வில் முதுகலையும் தொடங்கியிருக்கிறார்கள். பீகாரில் ராஜ்கிர் ஊரிலுள்ள நாளந்தா பல்கலைக்கழகத்திலும் பௌத்த ஆய்வும் ஒப்பீட்டுச் சமயமும் படிக்கலாம். எங்கே சேர்ந்தாலும், அந்தப் பட்டத்தை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காத்மாண்டுவுக்கும் லும்பினிக்கும் ஒரு விடுமுறை போதும். இலங்கை போன்ற சார்க் நாட்டவர்களுக்கு ஆண்டில் முதல் 30 நாள் நேபாள விசா இலவசம்.

புலமைப்பரிசில் கிடைக்காவிட்டால்? மாதம் 20,000 இந்திய ரூபாய் செலவு என்று வைத்துப் பாருங்கள். ஓர் இந்திய ரூபாய் நமக்கு மூன்றரை ரூபாய் என்றால், 10 மாதத்துக்கு 7 இலட்சம். நாலரை ஆனால் 9 இலட்சம். பல்கலைக்கழகக் கட்டணமும் பயணமும் இதற்கு மேலே. வைப்பு முழுவதையும் உடைக்காதீர்கள். இடையில் உடைத்தால் வட்டி குறையும். 18 இலட்சத்தை முதிர்வு வரும்போது பிரித்துப் போடுங்கள், இந்தச் செலவுக்கு வேண்டிய பங்கு மட்டும் மகளுக்கு. மீதி நீங்கள் ஓய்வு பெறும்போதும் இருக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீத வரியை வங்கியே பிடிப்பதால், கைக்கு வரும் வட்டியை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

காசியில் தனியாக எப்படி இருப்பாள் என்று பயப்பட வேண்டாம். கங்கைக் கரையில் அனுமான் கட்டத்துப் பக்கம் தமிழ் காதில் விழும். பாரதியார் இளவயதில் வாழ்ந்த இடம் அது. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து பாலும் வில்வமும் ஏந்தி, 'சம்போ' என்று குரல் கொடுத்தபடி விசுவநாதர் கோயிலுக்கு நடப்பார்கள். அந்த நெருக்கடிச் சந்தில் மாடுகூட ஒதுங்கிக்கொள்ளும். இதைப் பார்க்க டொலர் வேண்டியதில்லை.

இன்னொன்று. விண்ணப்பத்தில் 'ஏன் இந்தப் படிப்பு' என்று எழுதச் சொல்வார்கள். எல்லாரும் கோணேசர் கோயிலைப் பற்றி எழுதுவார்கள். மகளைப் பெரியகுளத்துக்குக் கிட்ட இருக்கும் வெல்கம் விகாரைக்குக் கூட்டிப் போங்கள். சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி அது. தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, விளக்கெரிக்கப் பசுக்கள் கொடுத்த செய்தியோடு. தமிழ்க் கல்வெட்டுகளில் இப்படிக் கொடுக்கும் கால்நடையைச் 'சாவா மூவா' என்பார்கள்: மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது, நெய்யை மட்டும் எடுத்து விளக்கேற்ற வேண்டும். நம் நிலையான வைப்பேதான்! இந்துவும் பௌத்தமும் தமிழும் ஒரே கல்லில். ஞாயிறு காலை வெயிலுக்கு முன் போய்விடுங்கள், கொப்பியும் பேனையும் மறக்க வேண்டாம்.