நடுவில் ஒரு ஈப்ராம்: காப்புரிமைக் கேள்விகள்

சார்ஜரின் ஸ்விட்சிங் வேகத்தை வேண்டுமென்றே ஆட்டிவிடுகிறார்களாமே, எதற்கு?

இரைச்சலுக்காகத்தான். உள்ளே டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. ஒரே அதிர்வெண்ணில் ஓடினால் இரைச்சல் அங்கேயும் அதன் மடங்குகளிலும் குவிந்து, சோதனையில் வரம்பைத் தாண்டிவிடும். கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டினால் பரவிவிடும், உச்சம் தணியும். மொத்த இரைச்சல் என்னவோ அதேதான்.

சிப் நிறுவனமான பவர் இன்டகிரேஷன்ஸின் வழக்கில் ஜூரி 'செல்லும்' என்ற காப்புரிமையை, காப்புரிமை அலுவலகம் எப்படிச் செல்லாது என்றது?

வேகத்தை இப்படி ஆட்டும் சர்க்யூட்டுக்கான, 6,249,876 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை அது. ஸ்விட்சிங் வேகத்தை நிர்ணயிக்கும் ஆஸிலேட்டரின் துடிப்புகளைக் கவுண்ட்டர் எண்ணும். எண்ணை அனலாக் சிக்னலாக்கும் பாகமான 'டிஜிட்டல்-அனலாக் மாற்றி' அதை வாங்கி, ஆஸிலேட்டரின் கட்டுப்பாட்டு முனைக்கே திருப்பிவிடும், வேகம் மாறும். மார்ட்டின் என்பவரின் பழைய காப்புரிமையிலும் இவை உண்டு; முன்பே இருந்தது என்றால் புதியது செல்லாது. ஆனால் நடுவில் ஒரு ஈப்ராம், அதாவது எண்களை எழுதிவைக்கும் நினைவக சிப். அங்கே கவுண்ட்டர் எந்த முகவரியைப் படிப்பது என்று மட்டும் சொல்லும். மாற்றிக்குப் போவது ஈப்ராமில் முன்பே எழுதிவைத்த எண்.

அப்படியானால் அந்தக் கவுண்ட்டர், புதிய காப்புரிமை சொல்வதுபோல் மாற்றியோடு 'இணைக்கப்பட்டது' ஆகுமா? சண்டையே இதில்தான். போட்டி நிறுவனமான ஃபேர்சைல்டுக்கு எதிரான வழக்கில் டெலவேர் மாநிலத்திலுள்ள நீதிமன்றம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கட்டுப்பாட்டுக்கான சிக்னல் போக வேண்டும் என்றது. மறு ஆய்வில் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியமோ, ஒரே சர்க்யூட்டில் சேர்ந்திருந்தால் போதும் என்றது. அலுவலகம் சொற்களுக்கு நியாயமான அளவில் மிக விரிந்த பொருளைக் கொடுக்கும்; அது வழக்கம்தான். ஆனால் இப்படிப் பார்த்தால் ஒரு போர்டில் இருக்கும் எல்லாமே எல்லாவற்றோடும் இணைந்ததாகிவிடுமே!

2015இல் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. டெலவேர் சொன்ன பொருளைப் பற்றி வாரியம் வாயே திறக்கவில்லை என்பது குறை. வாரியம் மறுபடியும் அதே முடிவுக்கு வந்தது. 2018இல் நீதிமன்றமே அதைத் தலைகீழாக்கியது: காப்புரிமையின் விளக்கத்தில் கவுண்ட்டர்தான் நேராக மாற்றியை இயக்குகிறது, நடுவில் ஈப்ராம் எங்கும் இல்லை. என் பார்வையில் முதல் தடவையே சர்க்யூட் படத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும்.

சரி, காப்புரிமை பெற்ற சர்க்யூட்டில் நடுவே ஒரு சிப்பைச் செருகினால் தப்பிக்கலாமா?

அவசரப்படாதீர்கள். ஈப்ராம் தன்னிடமிருந்த எண்ணைக் கொடுத்தது. சிக்னலின் உள்ளடக்கமே மாறியது. வந்ததை அப்படியே கடத்தும் பஃபரைச் செருகினால் அந்த வாதம் நிற்பது கடினம். அப்புறம், சொல்லளவில் தப்பினாலும் அமெரிக்காவில் 'சமானம்' (ஏறக்குறைய அதேதான் என்றால் அதுவும் மீறல்) என்ற கோட்பாட்டின்படி மீறல் என்று வாதிட இடமுண்டு.