ஒருமுறை வயிற்றுப்போக்கு வந்த சிப்பாய்க்கு மறுபடியும் வருவது ஏன்?

அதே முகாமில் உண்ணும் உள்ளூர்க்காரருக்கு ஒன்றும் ஆவதில்லை, வந்திறங்கிய சிப்பாய் மட்டும் திரும்பத் திரும்பப் படுக்கிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். வளைகுடாப் போருக்காக 1990-ல் சவூதி அரேபியா சென்ற அமெரிக்கப் படையினரிடம் எடுத்த கணக்கில் 57 சதவீதம் பேருக்கு ஒருமுறையாவது வயிற்றுப்போக்கு வந்திருந்தது. முக்கியக் காரணிகள், நச்சு சுரக்கும் ஈ.கோலை வகையான ஈடெக்கும் (ETEC), ஷிகெல்லா என்ற பாக்டீரியாவும்.

ஈடெக் முதலில் நுண்இழைகளால் சிறுகுடல் சுவரைப் பற்றிக்கொள்ளும். பிறகு எல்டி, எஸ்டி என்ற நச்சுகளில் ஒன்றையோ இரண்டையுமோ விடும். எல்டி பெரிய புரதம், காலரா நச்சுக்குப் பங்காளி மாதிரி. உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் செய்கிறது. எஸ்டி இருபதுக்கும் குறைவான அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்கு. அவ்வளவு சின்னதை நோயெதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்வதே இல்லை. பற்றும் இழைகளிலோ இருபதுக்கும் மேற்பட்ட வகைகள். ஒன்றுக்கு எதிராக உருவான ஐஜிஏ (குடல் சளிச்சவ்வில் சுரக்கும் எதிர்ப்பொருள்) பெரும்பாலும் மற்றொன்றைத் தடுக்காது. உள்ளூர்க்காரர் இந்த வகைகளில் பலவற்றைச் சிறுவயதிலேயே சந்தித்து முடித்திருப்பார். சில மாதப் பணிக்கு வந்தவருக்கு அதற்கு நேரமேது?

ரத்தப் பரிசோதனையை அதிகம் நம்ப வேண்டாம். பணிக்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் நான்கு மடங்கு கூடியிருந்தால் தொற்று நடந்தது என்று சொல்லலாம். பாதுகாப்பு உண்டு என்று சொல்ல முடியாது. சண்டை நடப்பது குடல் சளிச்சவ்வில். காலரா வாய்வழித் தடுப்பூசியான டூக்கோரல் எல்டிக்கு எதிராகச் சில மாதம் ஓரளவு உதவும், எஸ்டி மட்டும் விடும் ஈடெக்கிடம் அதன் பாச்சா பலிக்காது.

தாய்லாந்துக்குப் படைப் பயிற்சிக்குப் போகிறவர்களிடம் கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா அதிகம். அங்கே நோயெதிர்ப்பே எதிரியாகலாம்: அந்தப் பாக்டீரியாவின் மேலுறைச் சர்க்கரை சிலவேளை நம் நரம்பின் கொழுப்பை ஒத்திருப்பதால், எதிர்ப்பொருள் நரம்பைத் தாக்கி கியான்-பாரே வாதத்தை உண்டாக்கும். வயிற்றுப்போக்கு வந்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் கால் பலவீனமானால் தாமதிக்கக் கூடாது.