ஒப்பந்தம் கிடைக்காத பின்கள வீரனுக்கு பார்மசிதான் வழியா?

வணக்கம் அம்மா,

இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் நான்காம் மட்டமான லீக் டூவில் ஆடும் கழகம் ஒன்றின் அக்கடமியில் இரண்டு வருடம் ஸ்கொலர்ஷிப்பில் இருந்த மகனுக்கு, தொழில்முறை ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெரியப்பா பார்மசி படிக்கச் சொல்கிறார். மாமாவோ, "பார்ன்ஸ்லி கழகத்துக்கு நம் தமிழ்ப் பையன் விமல் யோகநாதன் விளையாடவில்லையா, இன்னும் ஒரு வருடம் முயலட்டும்" என்கிறார். மகன் யாரோடும் கதைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுடைய துக்கம் நியாயமானது. சில வாரம் அவனை விட்டுவிடுங்கள். 18 வயதில் விடுவிக்கப்படுவது இங்கிலாந்து அக்கடமிகளில் பெரும்பாலானோருக்கு நடப்பதுதான்.

பார்மசி வேண்டாம். அவனிடம் இருப்பது விளையாட்டுத்துறை டிப்ளோமா. இரசாயனவியலில் ஏ லெவல் இல்லை. அதனால் நான்கு வருடப் பட்டத்துக்கு முன் அடிப்படை ஆண்டு ஒன்றும் சேரும். 2025-26இன் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்ஸ். அது ஏறாமல் இருந்தாலே ஐந்து வருடத்துக்கு 47,675. அதன்பின் ஒரு வருடப் பயிற்சியும் பதிவுப் பரீட்சையும் இருக்கின்றன. அவன் கேட்காத படிப்புக்கு, உறவினர் வீட்டுக் கொண்டாட்டத்தில் பெருமையாகச் சொல்வதற்காக, அவன் பெயரில் இந்தக் கடனை ஏற்றக்கூடாது. மாமா சொல்வதையும் நான் ஏற்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு "ட்ரையல்" நடத்தும் தனியாருக்கு ஒரு பென்னிகூடக் கொடுக்காதீர்கள். விடுவிக்கப்பட்ட ஸ்கொலர்களுக்காக, அக்கடமி வீரர்களின் கல்வியைக் கவனிக்கும் எல்.எஃப்.ஈ. அமைப்பே தெரிவுப் போட்டிகள் நடத்துகிறது. கழகங்களின் ஆட்கள் வந்து பார்ப்பது அங்கேதான்.

நான் சொல்வது மூன்றாவது வழி: பயிற்றுவிப்பு. கிரஹாம் பொட்டர் என்ற பெயரை வீட்டில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரைட்டன், செல்சி கழகங்களின் முகாமையாளராக இருந்தவர். அவர் எப்படி அங்கே போனார் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. இடது பின்கள வீரரான அவர் யோர்க் சிட்டி, பொஸ்டன் யுனைட்டட், மக்கல்ஸ்ஃபீல்ட் என்று கீழ்மட்டக் கழகங்களில் ஆடி, 30 வயதில், 2005இல் நிறுத்தினார். ஆடிக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் சமூக விஞ்ஞானம் படித்து அதே வருடம் பட்டம் பெற்றார். அடுத்த வேலை ஹல் பல்கலைக்கழகத்தில். பிறகு லீட்ஸில் பல்கலைக்கழக அணியைப் பயிற்றுவித்தபடி முதுகலையும் முடித்தார். 2011 பருவத்தை சுவீடனின் நான்காம் பிரிவில் இருந்த ஒஸ்டர்சண்ட் கழகத்தோடு தொடங்கினார். மூன்று முறை மேலே ஏறி, 2017இல் சுவீடன் கிண்ணத்தை வென்று, 2018 பெப்ரவரியில் ஆர்சனலை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று தோற்கடித்தது அந்த அணி. பட்டமும் பயிற்றுவிப்பும் ஒன்றாக வளர்ந்த பாதை இது. பர்ன்லி கழகத்தை நடத்திய ஷான் டைச் வேறு விதம்: 2007இல் நோர்தாம்ப்டனில் ஆட்டத்தை நிறுத்தி, வட்ஃபோர்டில் இளையோர் பயிற்றுவிப்பாளராகத் தொடங்கி, 2011இல் அங்கேயே முகாமையாளரானார்.

இவர்கள் முழுநேரமாகப் பயிற்றுவிக்கத் தொடங்கியபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. உங்கள் மகன் 18இல் தொடங்கலாம். அதுதான் அவனுடைய பலம்.

முதலில், ஸ்கொலர்ஷிப் காலத்தில் பயிற்றுவிப்புப் பாடம் எதையும் முடித்திருக்கிறானா என்று அவனுடைய சான்றிதழ்களைப் பாருங்கள். இல்லையென்றால் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கமான எஃப்.ஏ.யின் அறிமுகப் பாடத்தில் தொடங்கலாம். அடுத்தவை ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கமான யுவேஃபாவின் சி, பி, ஏ உரிமங்கள், கடைசியில் ப்ரோ. ப்ரோவுக்குப் பத்தாயிரம் பவுண்ஸுக்கு மேல் வரும். அதை இப்போது நினைக்கவே வேண்டாம். சி பாடத்துக்கு அவன் ஒழுங்காகப் பயிற்றுவிக்கும் அணி ஒன்று கையில் இருக்க வேண்டும். பலர் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் அணி தேடுகிறார்கள். பக்கத்துச் சிறுவர் கழகத்தில் பத்து வயதுக்குட்பட்டோர் அணியை இப்போதே கேட்டு வாங்கட்டும். டி.பி.எஸ். எனும் குற்றப் பின்னணிப் பரிசோதனை, சிறுவர் பாதுகாப்புப் பாடம், முதலுதவி மூன்றும் இல்லாமல் பிள்ளைகளிடம் விடமாட்டார்கள். கட்டணம் கட்டுமுன், பி.எஃப்.ஏ. வீரர் சங்கத்தில் உதவி உண்டா என்று கேளுங்கள்.

அக்கடமியில் இருந்து வரும் பையன்கள் முதல் மாதத்தில் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: அதிகமாகப் பேசுகிறார்கள். 12 சிறுவர்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக உதைக்க விட்டால், பதினொரு பேர் குளிரில் விறைத்து நிற்பார்கள். ஒரு மணித்தியாலப் பயிற்சியில் 70 சதவீதமாவது, அதாவது 42 நிமிடம், பந்து உருள வேண்டும். அதற்கு 25க்கு 20 யார் (கெஜம்) அளவில் இரண்டு சதுக்கம் போட்டு, மூன்றுக்கு மூன்று விளையாட விட்டால் எல்லோர் காலிலும் பந்து படும். பந்தோடு வருபவனை எதிர்கொள்ள வேகமாகப் போ, கடைசி இரண்டு யாரில் வேகத்தைக் குறை, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி அவனை ஓரத்துக்குத் தள்ளு. பின்கள வீரனுக்கு இது உடம்பிலேயே இருக்கிறது. அதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வசனத்தில் விளக்குவதுதான் அவன் பழக வேண்டிய தொழில்.

படிப்புக்கு திறந்த பல்கலைக்கழகத்தையே சொல்வேன். சேர ஏ லெவல் தேவையில்லை. வருடத்துக்கு 60 கிரெடிட் எடுத்தால் 360 கிரெடிட் பட்டம் ஆறு வருடத்தில் முடியும். வாரத்துக்கு 16 முதல் 18 மணித்தியாலம் படிக்க வேண்டும். 24 வயதில் பட்டதாரி. 60 கிரெடிட்டுக்கான கட்டணம் முழுநேரக் கட்டணத்தில் பாதிக்கும் குறைவு, அதற்கும் அரசுக் கடன் உண்டு. புதிய மாணவர்கள் 25,000 பவுண்ஸுக்கு மேல் உழைப்பதில் 9 சதவீதம் திருப்பிக் கட்டினால் போதும். பாடம் உளவியலாகவோ கல்வியியலாகவோ இருக்கட்டும். பட்டத்தின் பெயரில் உதைபந்தாட்டம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை.

அவன் ஆடுவதையும் விட வேண்டாம். இஸ்த்மியன் லீக் போன்ற அரைத்தொழில்முறைக் கழகங்களில் செவ்வாயும் வியாழனும் மாலையில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். திங்கள் மாலையும் ஞாயிறு காலையும் சிறுவர் அணிக்கு. படிப்புக்குப் பகல்கள் மிஞ்சும்.

இதில் வருமானம் மெதுவாகத்தான் வரும். அக்கடமிகளில் முதல் வேலை பெரும்பாலும் பகுதிநேரம், மணிக்கணக்குச் சம்பளம், குடும்பம் சாப்பிட உட்காரும் நேரத்தில் வேலை. முகாமையாளர்களைப் பருவத்தின் நடுவிலேயே மாற்றுகிறார்கள். அதனால் ஒரு காப்பு வழி வேண்டும். பட்டத்தின் பின் ஒரு வருட ஆசிரியர் பயிற்சி முடித்தால் பாடசாலையில் வேலை எடுக்கலாம். 2025-26இல் லண்டனுக்கு வெளியே ஆரம்பச் சம்பளம் 32,916 பவுண்ஸ், லண்டனில் இன்னும் கூட.

ஆசிரியர் பயிற்சிக்கு ஜி.சி.எஸ்.ஈ. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் 4ஆம் தரமாவது இருக்க வேண்டும். அவனுக்குக் கணிதத்தில் 3 என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பரீட்சை நவம்பரிலும் நடக்கும். விண்ணப்பம் ஒக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும் என்பதால், வெளிவாரியாக எழுத இடம் தரும் நிலையத்தை இந்த மாதமே தேடுங்கள்.