கைப்பிடி எந்தப் பக்கம்?

கேள்வி: விமான நிலையங்களில் ‘குட் மார்னிங் சார்’ என்று பல்லைக் காட்டுவதெல்லாம் பயிற்சி கொடுத்து வரவழைத்த சிரிப்புதானே? காசு வாங்குகிறார்கள், வேலை செய்கிறார்கள். இதைப் போய் ‘இனிய அனுபவம்’ என்று சிலர் உருகுவது கொஞ்சம் ஓவராக இல்லையா?

பதில்: பயிற்சி கொடுத்து வரவழைத்த சிரிப்புதான், சந்தேகமே வேண்டாம். அதுவும் ஓர் உழைப்பு என்று ஆர்லி ஹோக்சைல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-லேயே எழுதிவிட்டார். மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு வலிக்கும். நாள் முழுக்கச் சிரிக்கிறவருக்கு வலிப்பது வேறு இடம். அது இருக்கட்டும். சிரிப்பும் சேவையும் ஒன்று என்று எடுத்துக்கொண்டு கேட்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

ஜப்பானில் ஒசாகா பக்கம் கடலில் மண் கொட்டித் தீவாக்கி, கான்சாய் விமான நிலையத்தை 1994-ல் திறந்தார்கள். அங்கே பெல்ட்டில் வரும் பெட்டிகளின் கைப்பிடி பயணியின் பக்கம் பார்த்தபடி இருக்கும். தானாக அப்படி வருவதில்லை; ஊழியர் ஒருவர் நின்று திருப்பி வைக்கிறார். அவர் சிரித்தாரா, உம்மென்று இருந்தாரா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. குப்புறக் கிடக்கும் இருபது கிலோ பெட்டியை ஓடுகிற பெல்ட்டிலிருந்து, பக்கத்து ஆள் காலில் போடாமல் இழுத்துப் பார்த்தவருக்குத்தான் அதன் அருமை புரியும். திறந்த நாளிலிருந்து ஒரு பெட்டியைக்கூடத் தொலைத்ததில்லை என்பது அவர்களுடைய பெருமை. உருகுவதென்றால் இதற்கு உருகலாம்.

லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016-ல் தொடங்கிய சூரியகாந்திப் பட்டை இன்னொன்று. ஆட்டிசம், மறதிநோய், காது மந்தம் என்று பார்த்தால் தெரியாத சிரமம் உள்ளவர்கள், பூப்போட்ட பச்சைப் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். இன்று பல நாட்டு நிலையங்களில் அது செல்லும். பெல்ட்டைக் கழற்று, ஷூவைக் கழற்று, லேப்டாப்பை வெளியே எடு என்று ஒரே மூச்சில் கேட்டுத் திகைத்து நிற்கும் பெரியவரிடம், ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்று ஊழியருக்கு அந்தப் பட்டை சொல்லிவிடுகிறது. (சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி கொட்டுகிறது. அழகுதான். விமானம் ரத்தான இரவில் அதை எவ்வளவு நேரம் பார்ப்பது?)

‘காசு வாங்குகிறார்கள்’ என்கிறீர்கள். யார்? கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் பல இடங்களில் அந்த விமான நிறுவனத்தின் ஆளே இல்லை. ஒப்பந்த நிறுவனம் அனுப்பியவர். விமானத்தைத் தாமதப்படுத்தும் மூடுபனிக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் மூடுபனிக்கான திட்டு முழுவதும் அவருக்குத்தான்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். நள்ளிரவு தாண்டி வந்து இறங்கினேன். கடைசிப் பெட்டியும் போய், பெல்ட்டும் நின்றுவிட்டது. என்னுடையதைக் காணோம். சண்டைக்குத் தயாராகத்தான் கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் சிரிக்கவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. “உள்ளே மருந்து ஏதாவது இருக்கா?” என்றார். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. அப்புறம் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். பெட்டி நான் விமானம் மாறிய ஊரிலேயே நிற்கிறது. “நாளைக்கு ரெண்டு மணிக்கு முன்னாடி வராது. இங்கே உட்காராதீங்க, போய்த் தூங்குங்க.”

புகார்ப் படிவத்தை வாங்காமல் வெளியே போகாதீர்கள் என்றவரும் அவரேதான். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தன் சம்பளம் வரும் இடத்தின் மேல் எப்படிப் புகார் எழுதுவது என்று எனக்குப் பாடம் எடுத்தார். எந்தப் பயிற்சியில் இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

மறுநாள் ஒன்றே முக்காலுக்கு போன். “சார், ரெண்டு மணின்னு சொல்லியிருந்தேன். வராது, ஆறு ஆகும்.”

அந்தக் குரலிலும் சிரிப்பில்லை.