வடிவமைப்புத் தேர்வும் செம்பனை ஆலையும்

அன்புள்ள ஐயா,

நான் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். ஈப்போவில் ஒரு நிறுவனத்தில் 11 ஆண்டுகளாகச் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். விஎம்வேர் நிறுவனத்தின் விஸ்பியரை, அதாவது ஒரே சர்வரில் பல மெய்நிகர் எந்திரங்களை (மென்பொருளால் உருவாகும் கணினிகளை) ஓட்டும் மென்பொருளை, நிறுவுவதும் பழுது பார்ப்பதும் எனக்குக் கைவந்த வேலை. அந்த நம்பிக்கையில் சில ஆண்டுகளுக்கு முன் விஸ்பியர் 7 மேல்நிலை வடிவமைப்புத் தேர்வை எழுதினேன், தேறவில்லை. கொடுக்கப்பட்டவற்றில் குறைந்தது இரண்டு விடைகள் எப்போதும் சரி போலவே தெரிந்தன. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் என்பதால் நீண்ட ஆங்கிலக் கேள்விகளை வாசிக்க எனக்கு நேரமாகிறது. அதுதான் காரணமோ என்று தோன்றுகிறது. மீண்டும் எழுத விரும்புகிறேன். எப்படித் தயாராவது?

கு., சுங்கை சிப்புட்

அன்புள்ள கு.,

நீங்கள் எழுதிய தேர்வில் 130 நிமிடங்களுக்கு 60 கேள்விகள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகக் கிடைக்கும். நேரம் குறைவுதான், ஆனாலும் நீங்கள் தேறாமல் போனதற்கு ஆங்கிலம் காரணம் என்று நான் நம்பவில்லை. இரண்டு விடைகள் சரி போலத் தெரிந்தன என்கிறீர்களே, காரணம் அங்கேதான் இருக்கிறது. அவ்விரண்டும் தொழில்நுட்ப அளவில் சரியாகவே இருந்திருக்கும். கேள்வியில் வரும் வாடிக்கையாளருக்கு அவற்றுள் ஒன்றுதான் பொருந்தும். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று 11 ஆண்டுகள் பழகிய மனம், அதை எதற்காகச் செய்கிறோம் என்று கேட்கும் முன்பே தீர்வுக்குத் தாவிவிடுகிறது. அனுபவசாலிகள் இத்தேர்வில் தடுமாறுவதற்கு அந்த அனுபவமே பல நேரங்களில் காரணமாகிறது.

ஆகவே மென்பொருளின் கையேட்டை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வேண்டாம். தேவை, கட்டுப்பாடு, ஊகம், இடர் என்னும் நான்கையும் தயங்காமல் பிரித்தறியும் பழக்கத்தை முதலில் வளர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டில் 99.9 விழுக்காடு நேரம் சேவை இயங்க வேண்டும் என்பது தேவை. ஆண்டு முழுவதும் சேர்த்து நிறுத்தம் எட்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை அது உங்கள் தெரிவுக்கு விடுகிறது. சென்ற ஆண்டு வாங்கிய சேமிப்பகப் பெட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது கட்டுப்பாடு, ஏனெனில் அது உங்கள் தெரிவைப் பறித்துவிடுகிறது. இணைப்பின் வேகம் போதுமானதாக இருக்கும் என்று யாரும் அளக்காமல் எழுதி வைத்தால் அது ஊகம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரே ஒரு கம்பிதான் ஓடுகிறது என்பது இடர்.

இந்த நான்கில் ஊகத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்கு நான் சர்வர் அறை வடிவமைத்தேன். ஆலை தன் கொதிகலனில் செம்பனைப் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரித்து, அந்த நீராவியால் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆலை ஓடாத நாளில் டீசல் ஜெனரேட்டர் தானாகவே இயங்கிவிடும் என்று என் ஆவணத்தில் எழுதினேன்; நேரில் சென்று பார்க்கவில்லை. உண்மையில் ஒரு பணியாளர் நடந்து சென்று கையால் இயக்க வேண்டிய ஜெனரேட்டர் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யூபிஎஸ் தாங்கிய கால் மணி நேரத்துக்குள் அவர் வந்து சேரவில்லை. சர்வர்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் அணைந்தன. என் கிளஸ்டரில், அதாவது ஒன்றாக இணைந்து இயங்கும் சர்வர் தொகுப்பில், ஒரு குறையும் இருக்கவில்லை. நான் சரிபார்க்காமல் விட்ட ஒரு வரிதான் அந்த வடிவமைப்பைக் கவிழ்த்தது.

நீங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால், அத்தகைய ஆலை ஒன்றையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். அறுத்த பழக்குலைகள் 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வெந்தாக வேண்டும். தாமதித்தால் கொழுப்பமிலம் கூடி எண்ணெயின் தரம் விழுந்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லாரிகளை நிறுக்கும் எடைமேடையின் கணினி நின்றுபோனால், கிராணி (எழுத்தர்) கையால் சீட்டு எழுதி எத்தனை மணி நேரம் சமாளிப்பார்? நான்கு மணி நேரம் என்றால், அந்தச் சேவையை மீட்பதற்கான காலம், அதாவது ஆர்டிஓ, நான்கு மணி நேரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். சீட்டுகள் கையில் இருப்பதால் தொலைந்த பதிவுகளை மீண்டும் ஏற்றிவிடலாம். ஆகவே எவ்வளவு நேரத்துத் தரவை இழக்கலாம் என்னும் ஆர்பிஓ அங்கே அவ்வளவு கடுமையானதாக இருக்க வேண்டியதில்லை. காலைப் பெரட்டில், அதாவது தொழிலாளர்கள் வேலைக்கு முன் கூடும் இடத்தில், பதியும் வருகைக் கணக்கு இதற்கு நேர்மாறானது. சம்பள நாள் வரும்வரை அந்தச் சேவை ஒரு நாள் நின்றாலும் பொறுக்கலாம், ஆனால் ஒருவருடைய ஒரு நாள் பேர்கூட (வருகைப் பதிவுகூட) தொலையக் கூடாது. ஒரே கிளஸ்டரில் ஓடும் இரண்டு மெய்நிகர் எந்திரங்களுக்கு இருவேறு பாதுகாப்பு ஏன் தேவைப்படுகிறது என்பது இப்போது தெளிவாகத் தெரியும்.

இதன் பிறகே எண்களுக்கு வர வேண்டும். மெய்நிகர் எந்திரங்களைச் சுமக்கும் சர்வர்களை ஹோஸ்ட் என்பார்கள். நான்கு ஹோஸ்ட்களில் ஒன்று வீழ்ந்தாலும் வேலை நிற்கக் கூடாதென்றால், கிளஸ்டரின் வளத்தில் 25 விழுக்காட்டை ஒதுக்கி வைக்க வேண்டும். ஹோஸ்ட்களின் வட்டுகளையே ஒன்றுசேர்த்துப் பயன்படுத்தும் விசான் சேமிப்பகத்தில் ஒரு பழுதைத் தாங்குவதற்கு, தரவுக்கு முழு நகல் வைக்கும் ரெய்டு 1 முறையைத் தெரிந்தெடுத்தால் 100 ஜிபி தரவு 200 ஜிபி இடத்தைப் பிடிக்கும். தரவைப் பிரித்து, இழந்ததை மீட்க உதவும் கணக்கையும் சேர்த்து வைக்கும் ரெய்டு 5 முறையில் ஏறத்தாழ 133 ஜிபி போதும். இடம் மிச்சமாகிறது என்று உடனே ரெய்டு 5-ஐக் குறித்துவிடாதீர்கள். வழக்கமான விசான் அமைப்பில் அதற்குக் குறைந்தது நான்கு ஹோஸ்ட்கள் வேண்டும். நான்கு மட்டுமே இருந்து அவற்றில் ஒன்று வீழ்ந்தால், இழந்த பகுதியை மீண்டும் கட்டியெழுப்ப ஐந்தாவது இடம் இருக்காது. ஒவ்வொரு முறை தரவை எழுதும்போதும் உள்வேலையும் கூடும். செலவுக் கட்டுப்பாட்டை அழுத்திச் சொல்லும் கேள்வியில் ஒரு விடையும், மீள்திறனை அழுத்திச் சொல்லும் கேள்வியில் வேறொரு விடையும் சரியாகும். உங்களுக்கு இரண்டு விடைகள் சரி போலத் தெரிந்தது இப்படிப்பட்ட இடங்களில்தான் என்று நினைக்கிறேன்.

கருத்துநிலை, தருக்கநிலை, பருநிலை என்னும் மூன்று படிகளைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. எடைமேடை நிற்கக் கூடாது என்பது முதலாவது. ஒன்று வீழ்ந்தாலும் தாங்கும் நான்கு ஹோஸ்ட் கிளஸ்டர் என்பது இரண்டாவது. எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி, எத்தனை கோர், எந்த போர்ட்டில் எந்தக் கம்பி என்பவை மூன்றாவது. இரண்டாம் படியைக் கேட்கும் கேள்விக்கு மாதிரி எண்ணோடு வரும் விடை பொருந்தாது.

வாசிப்பின் வேகத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். கேள்வியின் கடைசி வாக்கியத்தை முதலில் படியுங்கள்; என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு மேலே உள்ள கதையைப் படித்தால் பாதி வரிகள் தாமாகவே விலகிவிடும். பயிற்சிக் குறிப்புகளைத் தமிழிலேயே எழுதுங்கள். ‘இதைத் தெரிந்தெடுத்தேன், ஏனெனில்’ என்று தொடங்கி, அந்த வாக்கியத்தை உங்களால் தமிழில் முடிக்க இயலாவிட்டால், அந்த முடிவுக்குப் போதிய காரணம் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள்.

2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கிய பிறகு சான்றிதழ்களின் பெயர்களும் தேர்வுகளும் மாறிவிட்டன. பணம் கட்டுவதற்கு முன், அதிகாரப்பூர்வத் தேர்வு வழிகாட்டியைப் பார்த்து, எந்தப் பதிப்புக்கு எழுதுகிறீர்கள் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆலைக்கான வடிவமைப்பை மூன்று பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பி வையுங்கள். படம் வேண்டாம். நான் முதலில் ஊகங்களின் பட்டியலைத்தான் பார்ப்பேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை யாரிடம், எந்த நாளில் சரிபார்த்தீர்கள் என்றும் எழுதியிருங்கள்.