கணினி கேள்வி பதில்: விளையாட்டுக்கும் அன்றாட வேலைக்கும் எந்த லினக்ஸ்?

கேள்வி: ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ராம், என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கார்டு கொண்ட மேசைக் கணினி வைத்திருக்கிறேன். அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்கிறார்கள். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கிய விளையாட்டுகளை ஆடவும், தமிழில் தட்டச்சு செய்யவும், இணைய வங்கிச் சேவைக்கும் எந்த லினக்ஸை நிறுவலாம்? 'கேமிங்' லினக்ஸ்தான் வேண்டுமா?

பதில்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், உங்கள் நிலையில் பலர் இருக்கிறார்கள். ஆனால் எந்த லினக்ஸ் என்று கேட்பதற்கு முன், நீங்கள் ஆடும் விளையாட்டுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். முடிவு பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைப்பது, வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான் என்னும் மென்பொருள். அது எல்லா லினக்ஸிலும் ஸ்டீமோடு சேர்ந்தே வருகிறது. தனியாக ஆடும் விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அதில் ஓடிவிடும். கவுன்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பே உண்டு. சிக்கல் இருப்பது, பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் ஏமாற்றுவோரைப் பிடிக்க வைத்திருக்கும் காவல் மென்பொருளில்தான். வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் இதனால் ஓடாது. ஜிடிஏ ஆன்லைனும் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற காவல் மென்பொருள் சேர்க்கப்பட்டபின் கைவிட்டுப் போனது. அதே பேட்டில்ஐ புரோட்டானிலும் இயங்கக்கூடியதுதான். விளையாட்டை உருவாக்கியவர்கள் அனுமதி தர வேண்டும், அவ்வளவே. எனவே எந்த லினக்ஸை மாற்றிப் போட்டாலும் இது தீராது. புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொரு பெயரையும் தேடி, ஆடிப் பார்த்தவர்களின் குறிப்புகளைப் படித்துவிடுங்கள்.

தடை ஏதும் இல்லையென்றால், உங்களுக்கு லினக்ஸ் மின்ட்டின் சினமன் என்ற திரைத்தோற்றம் கொண்ட பதிப்பையே பரிந்துரைக்கிறேன். உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. என்விடியாவின் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) அதிலுள்ள டிரைவர் மேனேஜர் வழியாகச் சில சொடுக்குகளில் நிறுவிவிடலாம். விசைப்பலகை அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்க்கலாம். ஒலிப்புமுறையில் அடிப்பவராக இருந்தால் ஐபஸ், எம்17என் என்னும் தட்டச்சுத் தொகுப்புகளை நிறுவிக்கொள்ளுங்கள். வங்கி வேலை உலாவியில் நடப்பதால் அதில் மாற்றமில்லை. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் மட்டும் நேரடியாக ஓடாது. அதற்கு மாற்றான லிபரேஆஃபீஸுக்குப் பழக வேண்டியிருக்கும்.

'கேமிங்' என்ற அடைமொழியோடு வரும் பேசைட், நோபரா இரண்டும் ஃபெடோராவிலிருந்து பிறந்தவை. ஏஎம்டி கார்டுகளுக்கான மெசா டிரைவர் லினக்ஸ் தொகுப்போடு சேர்ந்தே வருவதால், அண்மையில் வெளியான ஏஎம்டி கார்டு வைத்திருப்பவருக்கு இவற்றின் புதிய கர்னலும் (லினக்ஸின் மையப் பகுதி) மெசாவும் உண்மையிலேயே பயன்படும். உங்கள் பழைய என்விடியா கார்டுக்கு அந்த ஆதாயம் குறைவு.

ஒரு சிறு எச்சரிக்கை: வட்டில் விண்டோஸ் பயன்படுத்திய என்டிஎஃப்எஸ் கோப்பு முறைப் பகுதியிலேயே விளையாட்டுகளை விட்டுவைத்து, ஸ்டீமுக்கு அந்த இடத்தைக் காட்டாதீர்கள்; புரோட்டான் அதில் அடிக்கடி தகராறு செய்யும். கோப்புகளை வெளி வட்டில் படியெடுத்தபின், பென்டிரைவிலிருந்து மின்ட்டை நிறுவாமலே ஓட்டி, வைஃபையும் ஒலியும் சரியாக வருகின்றனவா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள்.